வறட்சியும் பஞ்சமும் ஒன்றா? – ஆங்கிலப் பெயர்ச்சொற்களில் ஒரு பயிற்சி

பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளைக் கையில் வாங்கியதும் முதலில் கண்ணில் படுவது எது? அடிக்கோடிட்ட சொல்லுக்கு இணையான சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாக்கள்தாம். பிற்காலத்தில் மேற்படிப்புக்கும் வேலைக்கும் எழுதப்போகும் போட்டித் தேர்வுகள் பலவற்றிலும் இவை தவறாமல் தலைகாட்டும்.

இதற்காக மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? சொற்பட்டியல் அச்சிட்ட சிறு புத்தகம் ஒன்றை வாங்குகிறார்கள். இடப்பக்கம் ஒரு சொல் இருக்கும். வலப்பக்கம் அதற்கு இணையான நான்கு சொற்கள் இருக்கும். அவற்றை விடியற்காலையில் எழுந்து நெட்டுருப் போடுகிறார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் பாதி மறந்து போயிருக்கும். மீதிப் பாதி ஒன்றோடொன்று குழம்பியிருக்கும். இப்படி ஏன் நேர்கிறது? இதைவிட நல்ல வழி உண்டா? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சொற்களைப் பயில்வதற்கு நமக்கு ஓர் இடம் வேண்டும். விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். வானம் பார்த்த பூமி அது. அங்குள்ள மாணவருக்குத் தண்ணீரைப் பற்றியும் தண்ணீர் இல்லாமையைப் பற்றியும் யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. பொருள் ஏற்கனவே தெரியும்; அதற்குரிய ஆங்கிலப் பெயர்தான் தேவை. இது எவ்வளவு பெரிய வசதி என்பதைப் போகப் போக உணர்வீர்கள்.

ஒரு குறிப்பு: ஆங்கிலச் சொற்களை இங்கே ஒலிப்பு விளங்குமாறு தமிழெழுத்தில் தந்திருக்கிறோம். ஒவ்வொன்றையும் அகராதியில் தேடி, அதன் எழுத்துக்கூட்டைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் முதற்பயிற்சி.

மழை இல்லாமைக்கு எத்தனை பெயர்?

மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, அதன் மழை மறைவுப் பகுதியில் இவ்வட்டாரம் அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை மலைக்கு மேற்கேயே கொட்டிவிடுகிறது. ஆகவே இங்குள்ள உழவர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வரும் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியிருக்கிறார்கள். திருச்சுழியை ஒட்டி ஓடும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கும்.

இந்த நிலையைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குப் பதில் ஆறு பெயர்ச்சொற்கள் உள்ளன: எரிடிட்டி, டிரௌட், ஷார்ட்டேஜ், ஸ்கேர்சிட்டி, டெர்த், ஃபேமின். சொற்பட்டியல் புத்தகம் இவற்றை ஒரே வரியில் அடுக்கிவிடும். நாம் அவற்றைத் தனித்தனியே நிறுத்திப் பார்ப்போம்.

எரிடிட்டி என்பது ஓரிடத்தின் நிரந்தரமான வறள் தன்மை. அது தட்பவெப்பத்தின் இயல்பு. ஓர் ஆண்டில் வந்து மறு ஆண்டில் போவதில்லை.

டிரௌட் என்பது வந்து போவது. வழக்கமாகப் பெய்ய வேண்டிய மழை குறைந்து போனால் அது டிரௌட். தார்ப் பாலைவனத்தில் வழக்கமான சிறு மழை பெய்துவிட்டால், அங்கே எரிடிட்டி உண்டு, டிரௌட் இல்லை. உலகில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சிரபுஞ்சியில் வழக்கத்தில் பாதி மழையே பெய்தால், எரிடிட்டி இல்லை, டிரௌட் உண்டு! உலர்ந்தது என்று பொருள்படும் ‘டிரை’ என்ற சொல்லோடு உறவுடைய பழைய ஆங்கிலச் சொல் இது.

ஷார்ட்டேஜ் என்பது தேவைக்கும் இருப்புக்கும் உள்ள இடைவெளி. அதைப் பெரும்பாலும் எண்ணிச் சொல்லிவிடலாம். பத்துக் குடம் வேண்டிய வீட்டுக்கு ஆறு குடம் வந்தால் நான்கு குடம் ஷார்ட்டேஜ். நாம் பற்றாக்குறை என்பது இதைத்தான்.

ஸ்கேர்சிட்டி என்பது அதைவிடப் பரந்தது. ஒரு பகுதி முழுவதும், ஒரு காலம் முழுவதும் ஒரு பொருள் கிடைத்தற்கு அரிதாகிவிடும் நிலை.

டெர்த் என்ற சொல்லின் பிறப்பு சுவையானது. விலை உயர்ந்தது என்ற பொருளும் உடைய ‘டியர்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ‘வார்ம்’ என்பதிலிருந்து ‘வார்ம்த்’ வருவதைப் போல ‘டியர்’ என்பதிலிருந்து ‘டெர்த்’ வந்தது. தானியம் குறைந்தால் விலை ஏறும் அல்லவா? அந்தப் பட்டறிவு இச்சொல்லுக்குள் பதுங்கியிருக்கிறது. இன்று இது பெரும்பாலும் கருத்து, திறமை, சான்று போன்றவை இல்லாமையைச் சொல்லப் பயன்படுகிறது.

ஃபேமின் என்பது பஞ்சம். பசியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இங்கே பேச்சு மழையைப் பற்றியதன்று. மனிதர்களின் பட்டினியைப் பற்றியது. டிரௌட் வந்தாலும், வேலையும் தானியமும் மக்களுக்குக் கிடைத்தால் ஃபேமின் வராது.

இப்போது சொல்லுங்கள். இந்த ஆறும் ஒன்றா? ஒரே தெருவில் குடியிருக்கும் ஆறு வீட்டார் என்று சொல்லலாம். ஆனால் வாசல் வேறு, வேலை வேறு.

ஒரு சொல்லை மாற்றினால் என்ன ஆகும்?

இது வெறும் இலக்கண நுணுக்கம் என்று நினைக்க வேண்டாம். சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் மக்களின் வாழ்வே அடங்கியிருந்த காலமும் உண்டு.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான மக்கள் மடிந்தார்கள். அதன்பின் அமைந்த பஞ்சக் குழு 1880இல் அறிக்கை அளித்தது. அதைத் தொடர்ந்து பஞ்ச நிவாரண விதித்தொகுப்புகள் எழுதப்பட்டன. அவை ஸ்கேர்சிட்டி என்பதை ஒரு நிலையாகவும், ஃபேமின் என்பதை அதற்கு மேற்பட்ட நிலையாகவும் பிரித்தன. அதிகாரி எந்தச் சொல்லை எழுதுகிறாரோ, அதற்கேற்பவே நிவாரணத்தின் அளவு அமைந்தது.

மகாராஷ்டிர மாநிலத்தில் 1963ஆம் ஆண்டு ஒரு விந்தையான சட்டம் இயற்றப்பட்டது. ஃபேமின் என்ற சொல்லை மாநிலச் சட்டங்களிலிருந்து நீக்குவதற்கென்றே எழுந்த சட்டம் அது! அவ்விடங்களில் ஸ்கேர்சிட்டி என்ற சொல் வைக்கப்பட்டது. இரண்டும் முற்றிலும் ஒரே பொருளுடைய சொற்கள் என்றால், இதற்காக ஒரு சட்டமன்றம் கூடியிருக்க வேண்டுமா?

அறிவியலாருக்கும் இந்தக் கவலை உண்டு. ஓரிடத்தில் மழை இயல்பைவிட 26 முதல் 50 சதவீதம் குறைந்தால் மிதமான வறட்சி, 50 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கடும் வறட்சி என்று இந்திய வானிலைத் துறை அளவு வகுத்திருக்கிறது. ஆனால் நாடு முழுவதற்குமான பருவமழையைப் பற்றிப் பேசும்போது டிரௌட் என்ற சொல்லைக் கைவிட்டு, ‘குறைமழை ஆண்டு’ என்று பொருள்படும் தொடரை ஆளுவதென 2016இல் அத்துறை முடிவு செய்தது. மழையை அளப்பது தன் வேலை. வறட்சி என்று அறிவிப்பது அரசின் வேலை என்பது அதன் எண்ணம்.

அதே 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பை ஒட்டியே நிலவரி ரத்தும் உழவர்களுக்கு நிவாரணமும் வந்தன. மழைக் குறைவு என்பது மானியின் கணக்கு. வறட்சி என்று சொன்ன பிறகுதான் உதவிக்கு வழி திறந்தது.

கம்மாயும் ஊருணியும்

இல்லாமையைப் பார்த்தோம். இனி இருக்கும் தண்ணீருக்கு வருவோம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். கல்லூரணி என்பதில் ஊருணி இருக்கிறது. முக்குளம் என்பதில் குளம் இருக்கிறது. ஏந்தல் என்று முடியும் ஊர்ப் பெயர்களும் தென்மாவட்டங்களில் ஏராளம். இவை எல்லாமே நீர்நிலையின் பெயர்கள். ஆனால் ஊரில் யாரும் இவற்றை மாற்றிச் சொல்வதில்லை. பாசனத்துக்கு நீர் தேக்குவது கண்மாய். பேச்சு வழக்கில் கம்மாய். ஊரார் குடிநீர் எடுப்பது ஊருணி. ஊர் உண்ணும் நீர் என்பதாலேயே அப்பெயர். திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் இச்சொல் இடம்பெறுகிறது. கம்மாயில் மாடு குளிப்பாட்டலாம். ஊருணியில் இறக்கினால் ஊரே சண்டைக்கு வரும்!

ஆங்கிலத்திலும் இத்தகைய பிரிவு உண்டு. பாண்ட் என்பது சிறு குட்டை அல்லது குளம். லேக் என்பது பெரிய ஏரி. பெரும்பாலும் இயற்கையாக அமைந்தது. ரிசர்வாயர் என்பது பின்னர்ப் பயன்படுத்துவதற்காகத் தேக்கிவைக்கும் இடம். ‘ரிசர்வ்’ என்ற சொல் அதற்குள் இருப்பதைப் பாருங்கள். விருதுநகர் மாவட்டத்துக் குல்லூர்சந்தை நீர்த்தேக்கம் ஒரு ரிசர்வாயர்.

கண்மாய்க்கு இந்திய ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் டேங்க். குஜராத்தி, மராத்தி மொழிகளில் நிலத்தடி நீர்த்தொட்டியைக் குறித்த சொல்லோடு ஆங்கில அகராதிகள் இதை இணைத்துக் காட்டுகின்றன. ஆனால் இங்கிலாந்தில் ஒருவரிடம் வெறுமனே டேங்க் என்று சொன்னால், அவர் இரும்புத் தொட்டியை நினைப்பார்; அல்லது போர் ஊர்தியை நினைப்பார். ஆகவே பாசனம் என்ற அடைமொழியோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே சொல்லுக்கு நாட்டுக்கு நாடு பொருள் நகர்வதும் உண்டு என்பதற்கு இது சான்று.

கண்மாயின் உறுப்புகளையும் பார்த்துவிடுவோம். கரைக்கு எம்பேங்க்மென்ட் அல்லது பண்டு என்று பெயர். பண்டு என்பது இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். வயலுக்கு நீர் திறந்துவிடும் மடை ஸ்லூஸ். கண்மாய் நிறைந்தபின் மிகுநீர் வழிந்தோடும் கலுங்கு வியர். மடையைத் திறப்பதும் மூடுவதும் நம் கையில்; கலுங்கில் நீர் தானே வழியும். இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தால் ஸ்லூஸும் வியரும் ஒருநாளும் குழம்பா.

பழைய தமிழர் முறையும் ஒரு மருத்துவர் முறையும்

ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுத்துப் பயிலும் வழக்கம் நமக்குப் புதிதன்று. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட திவாகர நிகண்டு சொற்களை அகர வரிசையில் அடுக்கவில்லை. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று பொருளின் அடிப்படையில் 12 தொகுதிகளாகப் பிரித்தது. பின்னர் மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளி மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள்.

ஆங்கிலத்தில் இதே வேலையைச் செய்தவர் ஓர் அறிவியலார். பீட்டர் மார்க் ரோஜெட் என்பவர் மருத்துவர்; லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளராக 20 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர்; ஸ்லைடு ரூல் என்னும் கணக்கிடும் கருவியில் ஒரு புதுமையைச் செய்து 1815இல் வெளியிட்டவர். விலங்குகளையும் தாவரங்களையும் வகைப்படுத்துவது போலச் சொற்களையும் கருத்து வாரியாக வகைப்படுத்தி, 1852இல் தம் ‘தெசாரஸ்’ நூலை அவர் வெளியிட்டார். கருவூலம் என்பது அப்பெயரின் பொருள்.

இருவர் முறையிலும் ஒரு பாடம் உண்டு. சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது, எது எங்கே பொருந்தும் என்று தேர்ந்தெடுக்கத்தான். அதைத்தான் தேர்வுகளும் இப்போது எதிர்பார்க்கின்றன. அயல்நாட்டு மேற்படிப்புக்குரிய ஜி.ஆர்.இ. தேர்வில் 2011இல் எதிர்ச்சொல் வினாக்களை நீக்கினார்கள். ஒரு வாக்கியத்தின் வெற்றிடத்தில் பொருந்தி, அதற்கு ஒரே பொருளைத் தரும் இரு சொற்களைத் தேடும் வினாவைப் புகுத்தினார்கள். வாக்கியத்தைப் படிக்காமல் பட்டியலை மட்டும் படித்தவருக்கு அங்கே வழி இல்லை.

பட்டியல் ஏன் மறக்கிறது?

ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்தில் மறதி மிக வேகமாக நடக்கிறது. பிறகு மெதுவாகிறது என்று கண்டார். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் குறைந்த உழைப்பிலேயே நினைவு நிலைக்கிறது என்பதையும் அவர் சோதனை காட்டியது.

1993இல் தாமஸ் டின்காம் என்பவர் வேறொரு சோதனையை வெளியிட்டார். பொருளில் நெருங்கிய புதுச்சொற்களை ஒரே சமயத்தில் கற்றவர்களுக்கு, தொடர்பில்லாத புதுச்சொற்களைக் கற்பதைவிட அதிக முயற்சி தேவைப்பட்டது. நெருங்கிய சொற்கள் ஒன்றன் இடத்தை மற்றொன்று பிடிக்கப் பார்க்கின்றன. ஒரே நாளில் ஆறு இணைச்சொற்களை விழுங்குவது ஏன் தவறு என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் ஆகிய இருவர் மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். சிலர் அதை மீண்டும் படித்தார்கள். மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை மாறியது. மீண்டும் படித்தவர்கள் 42 சதவீதமும், எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதமும் நினைவு வைத்திருந்தார்கள். புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பதே சிறந்தது.

எப்படிப் பயில்வது?

1. தெரிந்த ஒரு சொல்லிலிருந்து தொடங்குங்கள். டிரௌட் நன்றாகப் பதிந்த பிறகு, சில நாள் கழித்து ஸ்கேர்சிட்டியைச் சேருங்கள். ஆறையும் ஒரே நாளில் எடுக்க வேண்டாம்.

2. ஒவ்வொரு சொல்லிடமும் நான்கு கேள்விகள் கேளுங்கள். எவ்வளவு பெரிது? எவ்வளவு காலம் நீடிப்பது? பேச்சில் வருமா, எழுத்தில் வருமா? எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும்?

3. உங்கள் ஊரில் அச்சொல்லுக்குரிய ஒரு பொருளையோ நிகழ்ச்சியையோ அடையாளம் வையுங்கள். வியர் என்றால் உங்கள் ஊர்க் கலுங்கு கண்முன் வர வேண்டும்.

4. ஒரு வாக்கியம் எழுதி, அதில் இணைச்சொல்லை மாற்றி வைத்துப் பாருங்கள். பொருள் மாறாமல் நின்றால் அந்த இடத்தில் இரண்டும் இணை. மாறினால் ஏன் மாறியது என்று ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள்.

5. சொல்லின் வாலைக் கவனியுங்கள். எரிட் என்பது பெயரடை. எரிடிட்டி என்பது பெயர்ச்சொல். வினாவில் பெயர்ச்சொல் இருந்தால் விடையும் பெயர்ச்சொல்லாகவே இருக்கும்.

6. மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளி விட்டு, பார்க்காமல் எழுதிப் பாருங்கள்.

இந்த முறையில் ஒரு நாளைக்கு இரண்டு சொல் போதும்.

நீங்களே விடை காணுங்கள்

அ. இந்த ஆண்டு பருவமழை வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. – எரிடிட்டி, டிரௌட், ஃபேமின்

ஆ. தெருவுக்கு 200 குடம் தேவை. லாரியில் வந்தது 120 குடம். – எரிடிட்டி, ஷார்ட்டேஜ், ஃபேமின்

இ. கண்மாய் நிறைந்து மிகுநீர் தானே வழியும் இடம். – ஸ்லூஸ், பண்டு, வியர்

ஈ. அவருடைய கட்டுரையில் புதிய கருத்துகளே இல்லை. – டிரௌட், டெர்த், ஃபேமின்

உ. நிலத்தின் நிரந்தர வறள் தன்மையைக் குறிக்கும் பெயர்ச்சொல். – எரிட், எரிடிட்டி, டிரௌட்

ஊ. ஊரின் ஓரத்தில் உள்ள சிறு குட்டை. – பாண்ட், லேக், ரிசர்வாயர்

விடையைப் பார்க்கும் முன், ஏன் மற்ற இரண்டும் பொருந்தா என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள். காரணம் எழுத முடிந்தால்தான் சொல் உங்களுடையது.

விடைகள்: அ. டிரௌட். ஆ. ஷார்ட்டேஜ். இ. வியர். ஈ. டெர்த். உ. எரிடிட்டி. ஊ. பாண்ட்.

அடுத்த பயிற்சிக்குத் தறியை எடுத்துக்கொள்ளுங்கள். அருப்புக்கோட்டை நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். ஃபைபர், யார்ன், த்ரெட், ஸ்ட்ராண்ட் ஆகிய நான்கும் சொற்பட்டியலில் நூல் என்ற ஒரே வரியில் வரக்கூடியவை. பஞ்சிலிருந்து துணி வரை எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் பொருந்தும்? பாவுக்கும் ஊடைக்கும் ஆங்கிலத்தில் என்ன பெயர்? அகராதியோடு உட்காரும் முன், நெசவு தெரிந்த பெரியவர் ஒருவரிடம் பொருளின் வேறுபாட்டைக் கேட்டு எழுதி வாருங்கள். பிறகு அகராதியைத் திறந்தால், ஒவ்வொரு சொல்லும் எந்தப் பொருளுக்கு உரியது என்பது எளிதில் விளங்கும்.